பழைய தையல் மெஷின் ஓடவில்லையா? மோட்டாரைக் கடைசியாகப் பாருங்கள்

பாட்டி காலால் மிதித்து ஓட்டிய கறுப்பு மெஷின். பின்னாளில் யாரோ அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன மோட்டாரைப் பூட்டி, காலடியில் பெடல் வைத்துக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ஓடிற்று. இன்று பாவாடைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தால் முனகுகிறது, நகர மறுக்கிறது. கடையில் கேட்டால், “மோட்டார் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்” என்கிறார்கள். போடலாம்தான். அதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா? போதாது. பழைய வீடுகளில் சில சுவிட்சுகள் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) மட்டும் துண்டிக்கும்படி மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கும். சுவிட்சு அணைந்திருக்கும், மெஷினுக்குள் கரண்ட் நின்றுகொண்டிருக்கும்.

கோளாறு கரண்டில்தான் என்று எப்படித் தெரியும்? பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். விரலால் தள்ளினாலே சுற்ற வேண்டும். இறுகிப்போய் இருந்தால் குற்றம் மோட்டாருடையது அல்ல. பாபின் உட்காரும் இடத்தில் நூல் சிக்கியிருக்கும், அல்லது எண்ணெய் வற்றிப் பிசினாகியிருக்கும். நம் வீடுகளில் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் உண்டு. அது நாளாவட்டத்தில் பசைபோல் இறுகிவிடும். சுத்தம் செய்து மெஷின் எண்ணெய் விடுங்கள். இப்படி ‘பிழைத்த’ மோட்டார்கள் நிறைய.

சக்கரம் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் மெஷின் ஓடவில்லையா? அதே பிளக் பாயின்டில் ஒரு மேஜை விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பாயின்டில் குறையில்லை. மெஷின் தலையிலேயே சின்ன பல்பு இருந்தால் இன்னும் நல்ல துப்பு: அது எரிகிறது என்றால் மெஷின் வரை கரண்ட் வந்துவிட்டது. மிச்சமிருப்பது பெடல், அதன் வயர், மோட்டார் மூன்றும்தான்.

வயரில் என்ன பார்ப்பது? மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர் பெடலுக்குள் நுழையும் இடத்தையும் பிளக்கை ஒட்டிய இடத்தையும் மடக்கிப் பாருங்கள். பழைய ரப்பர் வயர் முறுக்குபோல் நொறுங்கும். செம்பு தெரிந்தால் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். முழு வயரையும் மாற்றிவிடுங்கள்.

பெடல் கெட்டால் எப்படித் தெரியும்? அது நடந்துகொள்ளும் விதமே சொல்லிவிடும். பல பழைய பெடல்களுக்குள் ஒரு தடைக் கம்பிச் சுருள் (கரண்டைக் கட்டுப்படுத்தி வேகத்தைக் குறைப்பது) இருக்கும். லேசாக மிதித்தால் அசைவில்லை, முழுக்க அழுத்தினால் மட்டும் ஒரே பாய்ச்சல் என்றால் அந்தச் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. காலை வைக்காமலே மெஷின் தானாக ஓடினால் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; அல்லது கெபாசிட்டர் (ரேடியோவில் இரைச்சல் வராமலிருக்க வைத்த சின்ன உறுப்பு) பழுதாகியிருக்கலாம். இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஊசிக்குக் கீழே விரல் இருக்கும்போது அது ஓடலாம். தைத்து எழுந்ததும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் இதற்காகத்தான். தைக்கும்போது பெடல் கொஞ்சம் சூடாவது இயல்பு. கருகல் வாடை இயல்பல்ல.

இப்போது மோட்டார். அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு சின்ன மூடித் திருகுகள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒன்றை மெதுவாகக் கழற்றுங்கள். ஸ்பிரிங் துள்ளும், விரலால் அணை கொடுங்கள். ஸ்பிரிங்கின் நுனியில் கறுப்பாக ஒரு கட்டை தெரியும். அதுதான் கரி (சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு). பென்சில்போல் தேயத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நன்றாக இருந்தால் எந்த முகம் மேலே இருந்ததோ அப்படியே திருப்பி வையுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடுவதும், கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டால் மட்டும் கிளம்புவதும் பெரும்பாலும் இந்தக் கரியின் வேலை. புது மோட்டாரின் விலையோடு பார்த்தால் கரியின் விலை சில்லறை.

உள்ளே பொறி தெரிகிறதே, பயப்பட வேண்டுமா? கரியின் நுனியில் சின்ன நீலப் பொறி சகஜம். மஞ்சளாகச் சுற்றிலும் வளையமிட்டால் நிறுத்துங்கள். பலமுறை இதற்குக் காரணம், மெஷினுக்கு விடும் எண்ணெயை ‘இதற்கும் கொஞ்சம்’ என்று மோட்டாருக்குள் விட்டதுதான். எண்ணெய் பட்ட கரி ஒழுங்காகத் தொடாது, அழுக்கையும் சேர்க்கும்.

மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறதா? “லேசாகத்தான் அடிக்குது, செருப்பு போட்டுக்கிட்டா தெரியலை” என்று வருஷக்கணக்கில் தைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. இரும்பு உடம்புக்குக் கரண்ட் கசிகிறது என்பதே அதன் பொருள். மழை நாளில் ஈரத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்தால் அந்த ‘லேசு’ உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு பின் பிளக்கில் எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் கம்பி) கிடையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று பின் பிளக் போட்டு, மெஷினின் இரும்பில் எர்த் இணைக்கச் சொல்லுங்கள்; கசியும் இடத்தையும் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை பிளக்கைப் பிடுங்கிவைத்து, மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காலடிச் சக்கரத்தின் பெல்ட்டை மாட்டி மிதித்தே தையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மெஷினா? மோட்டாரில் வோல்ட் எழுதியிருக்கும் பிளேட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்ற சிங்கரின் ‘ஃபெதர்வெயிட்’ போன்ற மெஷின்கள் 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

இதற்கு மேல் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், முழு மெஷினையும் ஆட்டோவில் ஏற்ற வேண்டியதில்லை. மோட்டார் பெரும்பாலும் ஒரே திருகில்தான் நிற்கிறது. அதையும் பெடலையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மோட்டாரை மாற்றியே தீர வேண்டும் என்றால் பழையதைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.