கோதுமை விதைப்பும் கால நிர்ணயமும்

உழுதலும் எருவிடுதலும் முயற்சியால் அமைவன. விதைக்குங் காலத்தைத் தெரிதலோ அறிவால் அமைவது. முந்தினும் கேடு, பிந்தினும் கேடு என்னும் நிலையில் உழவர் அந்நாளைத் துணியுமாற்றுக்கு ஐக்கிய அமெரிக்காவின் மாரிக்கோதுமை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மாரிக்கோதுமை இலையுதிர்காலத்தில் விதைக்கப்பட்டு, உறைபனிக் காலத்தை இளம்பயிராகவே கழித்து, இளவேனிலில் மீண்டும் வளர்ந்து, கோடையில் அறுவடையாவது. பனி கடுமையாகுமுன் வேரூன்றி அடியிற் கிளைத்த பயிரே குளிரைத் தாங்கவல்லது. ஆதலின் முந்தி விதைத்தலே நன்றெனத் தோன்றும். அங்ஙனம் விதைத்தோர்க்குப் பேரிடர் விளைத்தது ஹெசியன் ஈ.

நுளம்பை ஒத்த இச்சிறு பூச்சி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயோர்க்கைச் சார்ந்த லோங் தீவில் அறியப்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரிற் பிரித்தானியர் பக்கம் நின்ற ஹெசிய வீரரின் படுக்கை வைக்கோலுடன் வந்ததென மக்கள் கருதினமையின் இப்பெயர் பெற்றது. இதற்கஞ்சிப் பிரித்தானியா 1788இல் அமெரிக்கக் கோதுமையின் இறக்குமதியைத் தடைசெய்தது.

வளர்ந்த ஈ சில நாள்களே உயிர்வாழும். அது கோதுமை இலையில் இடும் முட்டையினின்று வெளிவரும் புழு, இலையுறைக்குள் இறங்கித் தண்டின் சாற்றை உறிஞ்சும். இலையுதிர்கால ஈக்கள் மடிந்தபின் முளைக்கும் பயிருக்கோ இத்துன்பம் பெரும்பாலும் இல்லை. இவ்வுண்மையைக் கொண்டு ஒவ்வொரு பகுதிக்கும் 'ஈயொழிநாள்' வகுக்கப்பட்டது. ஒகையோ மாநிலத்தில் அது வடக்கே செத்தெம்பர் 22 முதல் தெற்கே ஒற்றோபர் 5 வரை வேறுபடும்.

இவ்வேறுபாட்டிலும் ஓர் ஒழுங்குண்டு. பூச்சியியலறிஞர் அன்ரூ டெல்மர் ஹொப்கின்ஸ் 1918இல் வெளியிட்ட விதியின்படி, வடக்கே ஒரு பாகை அகலக்கோடு செல்லினும், 400 அடி உயரம் ஏறினும், இளவேனில் நிகழ்ச்சிகள் ஏறத்தாழ நான்கு நாள் பிந்தும்; இலையுதிர்கால நிகழ்ச்சிகள் அவ்வாறே முந்தும். ஒகையோ தென்வடலாக ஏறக்குறைய மூன்றரைப் பாகை பரந்தது. அவ்விதிப்படி கணித்தால் வேறுபாடு பதினான்கு நாளாகும். மேற்கூறிய நாள்கள் அதனோடு பெரிதும் பொருந்துதல் காண்க.

எனினும் ஈயொழிநாள் விதைப்பின் தொடக்கத்தையே குறிக்கும். அதனின் மிகப் பிந்தின், வேர் வலியாத பயிர் பனியில் மடியும். மேலும், அந்நாளை ஒருவர் மட்டும் காத்தல் போதாது. அயலான் முந்தி விதைத்த வயலிற் கூட்டுப்புழுவாய்க் குளிரைக் கழிக்கும் பூச்சி, இளவேனிலில் ஈயாகிப் பிறர் வயலையும் தாக்கும். ஒருவனது அவசரம் ஊராரின் உணவைக் குறைக்கும்.

பிற்காலத்தில் ஈயை எதிர்க்கும் கோதுமை வகைகள் தோன்றின. அவற்றையும் வெல்லும் ஈயினங்கள் பின்னர்த் தோன்றின. குளிர் குறைந்த தென்மாநிலங்களில் ஈ பல தலைமுறை பெருகுதலின், ஈயொழிநாள் அங்கு உறுதியான காப்பன்று. வெப்பம் நீடிக்கும் ஆண்டுகளில் வடக்கேயும் ஈக்கள் பிந்திப் பறத்தல் கூடும். ஆகவே, முன்னோர் வகுத்த நாளை அறிதலோடு, அது எக்காரணத்தால் வகுக்கப்பட்டதென அறிதலும் உழவர்க்கு இன்றியமையாததாம். காரணம் அறிந்தவனே காலம் மாறும்போது தன் நாளையும் மாற்றவல்லன்.