ஸ்டியரிங்குக்குள் மடித்து வைத்த துணி

காரின் ஸ்டியரிங் நடுவே ஹாரன் அடிக்கக் கை வைக்கும் மூடிக்குப் பின்னால், இறுக மடித்த ஒரு துணிப்பையும், அதை நிரப்புவதற்கான வேதிப்பொருள் அடைத்த உலோகக் குப்பியும், அந்த வேதிப்பொருளைப் பற்றவைக்கும் சிறு மின்திரியும் ஒன்றாகப் பொருத்தப்பட்டுள்ளன. இம்மூன்றும் சேர்ந்த தொகுதியே ஏர்பேக் எனப்படுகிறது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கான ஏர்பேக் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்டு, 2022-இன் தொடக்கத்திற்குள் முன்னிருக்கைப் பயணிக்கும் அது விரிவாக்கப்பட்டதால், திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரக் குடும்பங்கள் அண்மை ஆண்டுகளில் புதிதாக வாங்கிய கார் எதுவானாலும் அதில் இந்தத் தொகுதி இருக்கிறது. கார் பழசாகி, ஹாரன் அடிக்காமல் போகும்போதோ, ஸ்டியரிங்கின் மேலுறை உரியும்போதோ, டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரியும்போதோ, உரிமையாளரின் கை அந்த மூடியை நோக்கிப் போகிறது. இரண்டு திருகாணியோ சில கம்பிக் கொக்கிகளோ மட்டுமே அதைப் பிடித்திருப்பதால், வீட்டு வாசலில் வைத்தே கழற்றிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

துணியோடு வாழும் ஊர் என்பதால், அந்தப் பை எப்படிப்பட்டது என்பதைத் திருப்பூர் வாசகர் மற்றவர்களைவிட விரைவில் புரிந்துகொள்வார். பின்னலாடை என்பது நூலைக் கண்ணிகண்ணியாகக் கோத்துச் செய்வது. கண்ணிகள் இழுத்தால் நெகிழும், இடைவெளியில் காற்று புகும், அதனால்தான் கோடை வெயிலில் பனியன் உடம்புக்கு இதமாக இருக்கிறது. ஏர்பேக்கிற்கு வேண்டியதோ நேர் எதிரான குணம்: துணி நெகிழக் கூடாது, காற்று கசியக் கூடாது, சூடான வாயு பட்டால் உருகவும் கூடாது. ஆகவே அது பின்னப்படாமல், நைலான் 66 என்னும் வலுவான இழையைக் கொண்டு பாவும் ஊடுமாக நெருக்கி நெய்யப்பட்டு, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மெல்லிய சிலிக்கோன் பூச்சும் பெறுகிறது. அந்த வகையில் அது திருப்பூரின் நிட்டிங் மெஷினைவிடச் சோமனூர், பல்லடம் விசைத்தறிக்கே நெருங்கிய உறவு. பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் ஒரு தையல் விட்டுப்போனது தெரிந்தால், ஸ்டிக்கர் ஒட்டி டெய்லரிடமே திருப்பி அனுப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஏர்பேக்கில் விட்டுப்போன தையல் தெரியவருவது விபத்தின்போதுதான், அப்போது திருத்த நேரம் கிடையாது. ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும் பையை உள்ளங்கையளவுக்கு மடிக்கும் வரிசைகூட, அது எந்தத் திசையில் முதலில் விரிய வேண்டும் என்று கணக்கிட்டு வகுக்கப்பட்டது. ஒருமுறை பிரிந்ததை வீட்டில் மடித்து உள்ளே வைப்பது என்பது நடக்காத காரியம்.

பையை நிரப்புவது பம்ப் அல்ல, வெடிப்பு. முன்பக்கம் பலமாக மோதியதும் உணரிகள் அதைக் கண்டறிந்து மின்திரிக்கு மின்னோட்டம் அனுப்ப, வேதிப்பொருள் எரிந்து வாயுவாகி, ஒரு நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் பை முழுதும் விரிந்துவிடுகிறது. கண் இமைக்கும் நேரம் இதைவிட நீளமானது. 1980-களில் மெர்சிடிஸ் கார்களில் வந்த ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு என்ற பொருள் பயன்பட்டது. அதற்குப் பின் வேறு சேர்மங்கள் வந்தன. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் மாறிமாறித் தாக்கியதில் அந்த வேதிப்பொருள் சீர்கெட்டு, அளவுக்கு மீறி எரிந்து குப்பியையே சிதறடித்து, உலோகச் சில்லுகள் ஓட்டுநர்மேல் பாய்ந்தன. உலகெங்கும் கோடிக்கணக்கான குப்பிகள் திரும்பப் பெறப்பட்டு, 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா உள்ளிட்ட நிறுவனங்கள் தங்கள் பழைய மாடல்களைத் திரும்ப அழைத்துக் குப்பிகளை இலவசமாக மாற்றித் தந்தன. அத்தகைய பழைய மாடல் கார் வைத்திருப்போர் அதன் சேசிஸ் எண்ணைக் கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்து விசாரிப்பது அவசியம்.

பயிற்சி பெற்ற மெக்கானிக் ஏர்பேக் தொகுதியைக் கழற்றும் முறையைப் பார்த்தாலே ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும். சக்கரங்களை நேராக நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிய பிறகும் அவர் உடனே கை வைப்பதில்லை; மோதலில் பேட்டரி இணைப்பு அறுந்தாலும் ஏர்பேக் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் மின்தேக்கி ஒன்று இருக்கிறது, அது வடிவதற்குக் காரின் கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருக்கிறார். ஏர்பேக்குக்குச் செல்லும் மஞ்சள் நிற ஒயரின் இணைப்பில் டெஸ்ட் விளக்கையோ மல்டிமீட்டரையோ வைப்பதில்லை. மின்திரியைப் பற்றவைக்கச் சிறிதளவு மின்னோட்டமே போதும், செயற்கை இழைத் துணி உரசி உண்டாகும் நிலைமின்சாரத்தைக்கூட அஞ்ச வேண்டியிருக்கிறது. கழற்றிய தொகுதியைத் துணிப்பக்கம் உடலுக்கு எதிர்ப்புறமாகப் பிடித்து எடுத்துச்சென்று, துணிப்பக்கம் மேலே இருக்கும்படி வைக்கிறார். கவிழ்த்து வைத்த தொகுதி தவறி வெடித்தால், பை தரையை உந்த, கனமான உலோகப் பகுதி முழுவதும் வாணம்போல மேலே கிளம்பும்.

திருப்பூரின் நெரிசலில் ஹாரன் இல்லாமல் ஒரு நாள் ஓட்டுவது சிரமம் என்பதால், வாசலில் ஸ்டியரிங்கைத் திறக்கத் தூண்டுவது பெரும்பாலும் ஹாரன்தான். ஃபியூஸ், ரிலே, பானட்டுக்குள் இருக்கும் ஹாரன் ஆகிய மூன்றையும் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே பார்த்துவிடலாம். ஹாரனோடு சேர்ந்து ஸ்டியரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்களும் செத்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டியரிங் சுழலும்போது மின்தொடர்பு அறாமல் காக்கும் சுருள் பட்டையான கிளாக் ஸ்பிரிங் அறுந்திருக்கும் வாய்ப்பே மிகுதி. அதற்குமேல் அது சர்வீஸ் சென்டர் வேலை. அந்தச் சுருளை நடுநிலை தவறிப் பொருத்தினால், முதல் பெரிய திருப்பத்திலேயே அது மீண்டும் அறுந்துபோகும்.

கழற்றுவதைவிடக் கொடிய தவறு, கழற்றியதைத் திரும்ப வைக்காமல் விடுவது. விபத்தில் விரிந்த ஏர்பேக்குக்குப் புதிது வாங்கச் செலவாகும் என்று, வெறும் மூடியை மாட்டி, விளக்கு எரியாதிருக்க ஒரு ரெசிஸ்டரைக் கோத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஏமாற்றி விற்கப்படும் கார்கள் உண்டு. 2024-இல் டெல்லி காவல்துறை பல நிறுவனங்களின் பெயரில் போலி ஏர்பேக் தயாரித்தவர்களைப் பிடித்தது. சீட் பெல்ட் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. இன்றைய பெல்ட், மார்பெலும்பு முறியாதிருக்கக் குறிப்பிட்ட விசைக்குமேல் சற்று நெகிழ்ந்து கொடுக்கும்படியே செய்யப்படுகிறது, முன்னே பை இருக்கிறது என்ற நம்பிக்கையில். பை இல்லையென்றால் அந்த நெகிழ்வு தலையை நேராக ஸ்டியரிங்கில் கொண்டுபோய் மோதவைக்கும். அப்போது அடிபடுபவர் ஏர்பேக்கைக் கழற்றியவராக இருக்க வேண்டியதில்லை, அந்தக் காரை நம்பி வாங்கியவராகவும் இருக்கலாம்.

விரியாத பழைய ஏர்பேக்கை இரும்புக்கடையில் போடுவதும் இதே வகைக் குற்றம்தான், ஏனெனில் அங்கே அடுத்துக் காத்திருப்பது கேஸ் கட்டர்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு சோதனை உண்டு. சாவியைத் திருகி, என்ஜினைக் கிளப்பாமல், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கைக் கவனிக்க வேண்டும். அது எரிந்து, சில நொடிகளில் தானே அணைந்தால் கருவி தன்னைச் சோதித்துக்கொண்டது என்று பொருள். அணையாமல் எரிந்தால் கோளாறு இருக்கிறது. எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ எடுத்திருக்கக் கூடும். எண்ணெய் விளக்கோடு சேர்ந்து எரிந்து, என்ஜினைக் கிளப்பியதும் அதனோடு சேர்ந்தே அணைந்தால், இரண்டின் ஒயரையும் ஒன்றாகக் கட்டியிருக்கக் கூடும். ரெசிஸ்டர் கோத்த காரில் இந்தச் சோதனையும் ஏமாற்றிவிடும் என்பதால், விலை பேசுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஸ்டியரிங்கைத் திறந்து காட்டச் சொல்வதே வழி.