9 பிளவா, 7 பிளவா? தாத்தா காலத்து ஜீப்பின் உண்மையைச் சொல்லும் ஹெட்லைட்!

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் யார் வீட்டுத் தோப்பிலாவது தார்ப்பாய் மூடிய பழைய ஜீப் நின்றால், "இது அந்தக் கால மிலிட்டரி வண்டி" என்று ஒரு கதை கட்டாயம் இருக்கும். கதை நிஜமா என்று தெரிய வேண்டுமா? ஹெட்லைட்டைப் பாருங்கள்.

இருட்டில் ஓடிய வண்டி

1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ம் தேதி திருகோணமலை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பதோ சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். கரையில் தெரியும் சின்ன வெளிச்சம்கூட எதிரிக்கு வழிகாட்டிவிடும் என்ற பயத்தில், கடலோர ஊர்களில் இருட்டடிப்பு அமலுக்கு வந்தது.

இந்தப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைத் தயாரித்தன. அவற்றின் விளக்குகள் வெளிச்சம் தருவதற்கு மட்டுமல்ல, வெளிச்சத்தை மறைப்பதற்கும் சேர்த்தே உருவாக்கப்பட்டவை. முன்னால் மிக மங்கலாக எரியும் இரண்டு சின்ன விளக்குகள். பிற்பாடு வந்த வண்டிகளில், இடது மட்கார்டு மேல் முக்காடு போட்ட ஒற்றை விளக்கும் உண்டு. ஹெட்லைட் தவறுதலாக எரிந்துவிடக் கூடாது என்று சுவிட்சிலேயே ஒரு தடுப்பு பட்டன். அதை அழுத்தினால்தான் சுவிட்சை முழுதாக இழுக்க முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்க்கால ஜீப்பின் தகடு கிரில்லில் 9 பிளவுகள் இருக்கும். ஹெட்லைட் சிறியது, கிரில்லுக்கு உள்ளே தள்ளி இருக்கும். அதைப் பிடித்திருக்கும் தாங்கிக்குக் கீல் உண்டு. திருகைக் கழற்றி விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பினால், இன்ஜின் மேல் வெளிச்சம் விழும். ராத்திரி ரிப்பேருக்கு டார்ச்சே வேண்டாம்!

போருக்குப் பிறகு வந்த சிவிலியன் ஜீப்புக்கு 7 பிளவுகள். 7 இன்ச் ஹெட்லைட் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். 1947-ல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்த மஹிந்திரா, பின்னர் பல ஆண்டுகள் தயாரித்த ஜீப்களும் இந்த வகைதான்.

சிக்கல் இங்கேதான். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் 7 இன்ச் விளக்கு சுலபமாகக் கிடைக்கும். அதைப் பொருத்துவதற்காகக் கிரில்லை வெட்டிவிட்டால், அந்த வண்டியின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்த மாதிரி. மின்சாரமும் ஒத்துப்போகாது. போர்க்கால ஜீப்கள் பெரும்பாலும் 6 வோல்ட். இன்றைய வண்டிகளின் பல்பு 12 வோல்ட். 12 வோல்ட் பல்பை அதில் போட்டால் மங்கலாகத்தான் எரியும்.

உப்புக் காற்றின் வேலை

நம் கடற்கரையில் இன்னொரு எதிரி துரு. இங்கே இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று ஆராயவே, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறது. கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை எல்லாம் ஒன்றாக மூடி சீல் செய்த விளக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். தாங்கியும் கீலும்தான் முதலில் உதிரும். ஆனால், துருப்பிடித்த துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். சரியான நகலை வாங்க, அளவு பார்க்க அதுதான் ஒரே ஆதாரம். இந்த விளக்குகளின் நகல்கள் வெளிநாடுகளில் இப்போதும் தயாராகின்றன.

சட்டமும் கேட்கிறது

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதனால் வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன் யோசியுங்கள்.

ராமேஸ்வரம் தீவில் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தேடலாம். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ல். அதற்கு முன்பே தீவுக்கு வந்த ஜீப் என்றால், ரயிலிலோ படகிலோதான் வந்திருக்க வேண்டும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய ரசீது இன்னும் இருக்கலாம். தார்ப்பாயை விலக்கும்போது, பெட்டியையும் திறந்து பாருங்கள்!