தந்தையை மறந்த தனயர்

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றைக் காணச் செல்வோர், அங்குள்ள ஓவியங்களையும் சிங்கப் பாதங்களையும் கண்டு வியந்து மீள்கின்றனர். அக்குன்றின் வரலாற்றில் ஒரு முதியவரின் துயரம் மறைந்திருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கலாவாவியைக் கட்டுவித்த தாதுசேன மன்னனைச் சிறையிட்டு, 5ஆம் நூற்றாண்டில் அரசைக் கவர்ந்தவன் அவன் மகன் காசியப்பனே. செல்வம் எங்கே என்று கேட்ட மகனுக்குத் தந்தை காட்டியது அவ்வாவியின் நீரைத்தான். முடிவில் அம்முதியவன் சுவரில் வைத்து அடைக்கப்பட்டு மாண்டான் எனச் சூளவம்சம் கூறும். அதன் பின்னரே காசியப்பன் குன்றின் மீது அரண்மனை எழுப்பினான்.

இஃது அரசர் வீட்டுக் கதையென்று நாம் ஒதுக்கிவிடலாமா? சுவர் எழுப்பாமலே முதியோரைத் தனிமையில் அடைத்துவைக்கும் இல்லங்கள் இன்றும் உளவன்றோ!

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ எட்டுப் பேருள் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தல் ஆகாது என விதிக்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெற்றுத் தருமாறு அதற்கென அமைந்த சபையிடம் முறையிடலாம்.

ஆயின், பெற்ற மகன்மீது முறையிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? சட்டம் பணத்தைப் பெற்றுத் தரலாம். பரிவைப் பெற்றுத் தர இயலாது. அதனாலேயே கிராமங்கள்தோறும் அமையும் முதியோர் சங்கங்கள் இன்றியமையாதனவாகின்றன. ஒருவர் தனித்துக் கூறத் தயங்குவதைப் பலர் கூடிக் கூறின் அதிகாரிகள் செவிசாய்ப்பர்.

உடல்நலமும் இதனோடு இணைந்ததே. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுகள் ஆரோக்கியமான முதுமைக்கென உலகளவில் ஒதுக்கப்பட்டுள்ளன. நோயின்மை மட்டுமே ஆரோக்கியமன்று. தாம் விரும்புவதைச் செய்யும் ஆற்றல் முதுமையிலும் நிலைத்திருத்தலே ஆரோக்கியம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. எழுபது வயதினர் யாவரும் சீகிரியாவின் ஏறத்தாழ 1,200 படிகளையும் ஏற வேண்டுவதில்லை. அடிவாரத்து நீர்ப்பூங்காவிலே பேரனின் கைபற்றி உலாவ முடிந்தால் அதுவும் நல்வாழ்வே. அதற்கு வேண்டுவன நாள்தோறும் சிறிது நடை, தெளிந்த பார்வை, வழுக்காத தரை, பேச்சுத் துணை ஆகியவையே.

இவற்றுட் பல அரசின் கையில் இல்லை. நம் கையில் உள்ளன. உங்கள் ஊரில் முதியோர் சங்கம் உண்டா எனக் கிராம உத்தியோகத்தரிடம் இவ்வாரமே வினவுங்கள். இன்றிரவு உணவின்போது வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை இறுதிவரை கேளுங்கள்.