உருக்குச் சிலிண்டரும் அதன் மேற்றோலும்

கோவில்பதாகை ஏரிக்கரையினின்று சிறிது தூரத்திலேயே ஆவடியின் பெருந்தொழிற்சாலைகள் உள்ளன. கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ஆம் ஆண்டிலும், என்ஜின் தொழிற்சாலை 1987-ஆம் ஆண்டிலும் தோன்றின. டி-72 டாங்கிக்குரிய பன்னிரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் 780 குதிரைத்திறன் உடையது. அதன் சிலிண்டர் ஒவ்வொன்றின் உள்விட்டமும் 150 மில்லிமீட்டர். இத்தகைய சிலிண்டர் எவ்வாறு உருவாகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். நம் வயற்கிணற்றின் டீசல் பம்பைப் பழுது பார்க்கும்போதும் இவ்வறிவு பயன்படும்.

சிலிண்டரின் உட்சுவரில் பிஸ்டன் வளையங்கள் ஓயாது உராய்கின்றன. அச்சுவர் தேய்ந்தால் எண்ணெய் எரிந்து புகை மிகும், திறன் குறையும். ஆகவே உட்புறம் மிகக் கடினமாக இருத்தல் வேண்டும். ஆனால் சுவர் முழுவதையும் அவ்வளவு கடினமாக்கினால், அது கண்ணாடிபோல் வெடித்துவிடும். உள்ளே உறுதியும் மேலே கடினமும் ஒருங்கே வேண்டும்.

இதற்கெனக் குரோமியம், மாலிப்டினம், அலுமினியம் சேர்ந்த கலப்பு உருக்கைத் தெரிந்தெடுக்கின்றனர். முதலில் அதனைச் சுமார் 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் 600 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தில் பதப்படுத்துவர். இந்நிலையில் உருக்கு உறுதியாயினும், உளிக்கு இணங்கும். ஆகவே கடைந்து குடைந்து வடிவமைக்கும் வேலையில் பெரும்பகுதி இப்பொழுதே முடிகிறது.

பின்னர், காற்றுப் புகாத உலையில் வைத்து அம்மோனியா வாயுவைச் செலுத்தி, சுமார் 500 முதல் 550 டிகிரி உஷ்ணத்தில் பல மணி நேரம், சில வேளைகளில் இரண்டு நாள் வரையிலும் வைத்திருப்பர். நாம் வயலுக்கிடும் யூரியாவுக்கு மூலப்பொருளான அதே அம்மோனியாதான் இங்கே பிரிந்து நைட்ரஜனைத் தருகிறது. அந்நைட்ரஜன் உருக்கினுட் புகுந்து, அலுமினியம், குரோமியம் ஆகியவற்றோடு கூடி, அரை மில்லிமீட்டர் அளவில் கடினமான தோலொன்றை உண்டாக்குகிறது. இதன்பின் தோய்த்தல் இல்லாமையால் சிலிண்டர் கோணுவதும் மிகக் குறைவு. இறுதியில் நுண்கல்லால் தேய்த்து, மேலே படிந்த நொறுங்கும் படலத்தை நீக்கி, எண்ணெய் தங்குவதற்கேற்ற குறுக்குக் கோடுகளை அமைக்கின்றனர்.

பாவுக்குக் கஞ்சியிட்ட பின்னரே தறியில் ஏற்றுகிறோம். வரிசை மாறினால் நூல் அறும். இங்கும் அவ்வாறே. கடினத் தோல் ஏற்பட்ட பின்னர் ஆழக் குடைந்தால், அத்தோல் முழுவதும் போய்விடும்.

இப்பொழுது நம் பம்புக்கு வருவோம். பெரும்பாலான பம்பு என்ஜின்களின் சிலிண்டர் வார்ப்பிரும்பினாலானது. அது தேய்ந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். ஆனால் கடினத் தோலுள்ள சிலிண்டரை அவ்வாறு குடைவது வீண்செலவே. தோல் அகன்றபின் அது விரைவில் தேயும். ஆகவே பட்டறையில் வேலை கொடுக்குமுன் இச்செயல்களைச் செய்க: சிலிண்டர் எவ்வகையென விற்றவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள், வளையம் தொடாத விளிம்பில் அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள், அரம் பற்றாது வழுக்கினால் குடையவிடாது புதிய சிலிண்டரையே வாங்குங்கள், எவ்வளவு தேய்ந்தது என்பதை அளந்து காட்டச் சொல்லுங்கள். தேய்மானம் பெரும்பாலும் மேல் வளையம் நின்று திரும்புமிடத்தில்தான் மிகுதி. அளவறியாது செய்த செலவு, ஒரு போகத்தின் ஊதியத்தையே விழுங்கிவிடும்.