முருகைத் தொட்டிக்குச் சுண்ணாம்பு

செட்டிகுளப் பகுதியைத் தழுவி ஓடும் அருவியாறு மேற்கே சென்று மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. அக்கழிமுகத்தை அடுத்த கடலின் முத்துப்பார்களை ஆராய 1902ஆம் ஆண்டில் ஹேர்ட்மன் என்னும் விலங்கியற் பேராசிரியர் இலங்கைக்கு வந்தார். அங்கே சிப்பி தன் ஓட்டையும் முருகையுயிர் தன் கல்லையும் கட்டுவதற்குக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கும் பதார்த்தம் ஒன்றே. அது கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல்.

கடற்கரையே இல்லாத வவுனியா மாவட்டத்தில், அக்கடலின் சிறு கூறொன்றைக் கண்ணாடித் தொட்டியில் அமைத்து முருகை வளர்க்க விரும்புபவர், முதலிற் கடல்நீரையே ஆக்கிக்கொள்ள வேண்டியவராகிறார். கடலில் முருகைக்கல்லை அகழ்வது நம் நாட்டிற் சட்டவிரோதம். அவ்வாறு பெற்ற கல்லால் தொட்டியை அலங்கரிப்பதைவிட வெறுந்தொட்டியே மேலானது. கேத்தலின் அடியில் வெண்படிவத்தை விட்டுச்செல்லும் நம் கிணற்று நீரிற் கல்சியம் தாராளமாக உண்டாகையால், அதிலேயே உப்பைக் கரைத்தால் என்ன என்று தோன்றுவது சுபாவம். ஆனால் அந்நீரில் எது எவ்வளவு உண்டென்பது கிணற்றுக்குக் கிணறு மாறுபடும். வயற்பசளையின் நைத்திரேற்றும் அதிற் கலந்திருக்கலாம். ஆகவே ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டல் முறையிற் சுத்திகரித்த நீரிற் கடலுப்புக் கலவையைக் கரைத்து, தன்னீர்ப்பு 1.026 அளவில் வரச்செய்வதே உசிதம்.

சலஞ்சர் என்னும் ஆய்வுக்கப்பல் உலகக் கடல்களிற் சேகரித்த 77 நீர்மாதிரிகளைப் பகுத்தாய்ந்த டிற்மார் என்னும் இரசாயனவியலாளர், உப்பின் செறிவு இடத்துக்கிடம் வேறுபட்டாலும் பிரதான உப்புகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதேயில்லை என்று 1884இல் வெளியிட்டார். இம்மாறாமையே நமக்குப் பிரமாணம். இயற்கைக் கடல்நீரின் லீற்றரொன்றிற் கல்சியம் சுமார் 410 மில்லிகிராமும் மகனீசியம் சுமார் 1,300 மில்லிகிராமும் உள்ளன. சுண்ணாம்பின் மற்றக் கூறான காபனேற்றுக்கு அளவுகோலாகும் காரத்தன்மை ஜெர்மானியப் பாகையிற் சுமார் ஏழு. பெருங்கடலில் முருகை இவற்றை எடுப்பதாற் குறைவு தெரியாது. தொட்டியிலோ நாளுக்கு நாள் குறையும். அக்குறையை நிரப்புவதொன்றே சேர்மானங்களின் பிரயோசனம்.

எதை அளப்பது? இருநூறு லீற்றர் நீருள்ள தொட்டியில் இரண்டு நாளிற் காரத்தன்மை 8.4 பாகையிலிருந்து 7 பாகைக்கு இறங்கியதெனக் கொள்வோம். அதனுடன் குறைந்த கல்சியமோ லீற்றருக்கு 10 மில்லிகிராம் மாத்திரமே. நானூற்றுக்கு மேற்பட்டதிற் பத்துக் குறைந்ததை வீட்டுச் சோதனைக் கருவி திட்டமாகக் காட்டாது. ஆதலால் அடிக்கடி அளக்கவேண்டியது காரத்தன்மை. மேற்கூறிய இழப்புக்கு 8.4 கிராம் அப்பச்சோடாவும், கட்டியாகக் கிடைக்கும் நீர்கொண்ட கல்சியம் குளோரைட்டு 7.4 கிராமும் ஈடாகும். இரண்டையும் தனித்தனியே ஆர்.ஓ. நீரிற் கரைத்து, வெவ்வேறு வேளைகளில், நீரோட்டம் மிக்க இடத்தில் ஊற்றவேண்டும். ஒன்றாகச் சேர்த்தால் முருகைக்குச் சேரவேண்டிய சுண்ணாம்பு வெண்மாவாகப் படிந்துபோம். காரத்தன்மையை ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் உயர்த்துதல் ஆகாது.

வன்னியின் வெயிலுக்கு வேறொரு வழியும் பொருந்தும். தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்குவதால், இழந்ததை நன்னீராலேயே நிரப்புகிறோம். அந்நன்னீரைச் சுண்ணாம்புத் தெளிநீராக்கிவிட்டால் கல்சியமும் காரத்தன்மையும் உரிய விகிதத்தில் ஒருங்கே சேர்கின்றன. மேற்சொன்ன இழப்புக்கு நிறைகரைசலாகச் சுமார் இரண்டரை லீற்றர் தெளிநீர் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பை விடுத்துச் சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டையே கொள்க. தெளிநீரின் பி.எச். 12க்கு மேற்பட்டது; அதனைத் துளித்துளியாக, ஒளிச்சேர்க்கை நின்று தொட்டியின் பி.எச். தாழும் இராக்காலத்தில் விடுவது நன்று.

அயடீன், ஸ்ட்ரொன்சியம் முதலிய சுவட்டு மூலகங்களைக் கவர்ச்சியான போத்தல்களில் விற்கிறார்கள். கடல்நீரில் அயடீன் லீற்றருக்கு 0.06 மில்லிகிராம் அளவினதே. அளக்க இயலாததை ஊகத்தால் ஊற்றுவது உயிர்களுக்கு அபாயம். வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுபவருக்குப் பெரும்பாலும் அப்போத்தல்கள் அவசியமில்லை. மகனீசியம் அப்படியன்று. சுண்ணாம்பு தானாகப் படிந்துபோகாமல் தடுப்பது அதுவே. எனவே எவ்வளவு சேர்த்தும் கல்சியமும் காரத்தன்மையும் நிலைக்கவில்லையெனில், மேலும் சேர்க்குமுன் மகனீசியத்தை அளந்து பார்க்கவேண்டும்.