லோ-ஈ கண்ணாடியும் சூடு பார்க்கும் கருவியும்

கட்டட வேலைக்கு டஃபன்டு செய்த லோ-ஈ கண்ணாடி வாங்கி விற்கும் அன்பர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

டஃபன்டு செய்யக் கண்ணாடியை உலையில் சுமார் 620 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, உடனே காற்றடித்துக் குளிர்விக்கிறார்கள். சூடு குறைந்தால் காற்றடிக்கும்போதே நொறுங்கும், மிஞ்சினால் நெளியும். உருளைகள்மேல் ஓடும் கண்ணாடியைத் தொட்டு அளக்க முடியாது. அது வீசும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டே கருவி சூட்டைச் சொல்கிறது. வெறும் கண்ணாடிக்கு 5 மைக்ரான் அலைநீளக் கருவி போதும்.

லோ-ஈயின் வெள்ளிப் பூச்சோ வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவது; தானாக வெகு சொற்பமே வீசும். நமக்கு லாபமான இந்தக் குணமே கருவியை ஏமாற்றுகிறது. பூச்சு மேல்பக்கம் இருப்பதால், உருளைகளின் இடைவெளியில் கீழிருந்து பூச்சில்லாத பக்கத்தைப் பார்க்கும்படி கருவி வைப்பதே சரி.

ஆர்டர் கொடுக்குமுன் ஆலையில் இதைக் கேளுங்கள். நெளிந்த சரக்கு ஆலைக்குத் திரும்பாது, நம் கடைக்குத்தான் வரும்.